கான் அகாடமி கணக்குச் சொல்லித் தரும். செஜாராவை யார் சொல்லித் தருவது?

கேள்வி:

வணக்கம் டீச்சர். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார். எனக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. மகள் படிவம் 4. தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதிலிருந்து சரியில்லை. மலாய் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது தடுமாறியிருக்கிறாள். ஒரு பிள்ளை அதை ஒளித்துவைத்த கைப்பேசியில் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டது. பள்ளியில் போய்ச் சொன்னோம். பேசிப் பார்க்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். ஏழு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் பஸ் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுக்கிறாள்.

இனி வீட்டிலேயே படிக்கிறேன், இண்டர்நெட்டில் எல்லாம் இலவசமாக இருக்கிறது என்கிறாள். ஈப்போவில் படிக்கும் என் அக்கா மகன் 23 வெப்சைட் பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். எங்களிடம் ஒரு கைப்பேசிதான், பிரீபெய்ட். லயத்தில் லைன் சரியாகக் கிடைக்காது. நான் ஆறாம் ஆண்டோடு நின்றவள். நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்? போலீஸ் வந்து கேட்பார்களா? அந்த 23-இல் எது நல்லது என்று மட்டும் சொன்னால் போதும்.

– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தோடு வந்த அந்தப் பட்டியலை மூன்று முறை படித்தேன். கணிதம் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது இருக்கிறது, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பாடங்கள்கூட இருக்கின்றன. மலாய்மொழிக்கு ஒன்றுமில்லை, செஜாரா என்கிற வரலாற்றுக்கும் ஒன்றுமில்லை. பையனைக் குறை சொல்லவில்லை, பாசத்தோடுதான் தேடி அனுப்பியிருக்கிறான். ஆனால் உங்கள் மகள் எந்தப் பாடத்தில் அடிபட்டு வீட்டுக்கு வந்தாளோ அந்தப் பாடம் பட்டியலில் இல்லாததைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. அவளும் அந்த நிம்மதியில்தான் 'எல்லாம் இண்டர்நெட்டில் இருக்கிறது' என்கிறாளோ என்று தோன்றுகிறது.

அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு இரவில் தூக்கம் கெடுக்கிற கேள்வி போலீஸ்தான் என்பதால் அதை முதலில் பேசுவோம்.

ஆறு வயதிலிருந்து ஆறாம் ஆண்டு வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது 2003 முதல் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அந்தக் கட்டாயத்தை இடைநிலைப்பள்ளிக்கும் நீட்டிக்கும் திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனால் 'படிவம் 4தானே, நிறுத்தினால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்' என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதே சமயம் பயந்தும் சாக வேண்டாம். உடம்பு சரியில்லாத பிள்ளையின் அம்மா நீங்கள், குற்றவாளி இல்லை. நாளைக்கு யார் கேட்டாலும் காட்டுவதற்குக் கையில் காகிதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் காகிதம் அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கும். பஸ் சத்தத்துக்கு வாந்தி வருவது பிடிவாதம் இல்லை, நடிப்பும் இல்லை. பயம் வயிற்றில் போய் உட்கார்ந்தால் அப்படித்தான் வரும். டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவர் மனநல டாக்டரிடம் அனுப்பினால் மறுக்காமல் போங்கள். பிள்ளை மிகவும் உடைந்துபோனால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம். டாக்டர் எழுதித் தருவதைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது காகிதம் கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்தில். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். நடந்தது, பள்ளியில் புகார் சொன்ன தேதி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். மலாயில் எழுத வராவிட்டால் உங்கள் அக்கா மகன் எழுதட்டும், அவனுக்கு அது நல்ல வேலை. அங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு பள்ளிக்கு மாற்றம். வீட்டில் படிக்க அனுமதி பற்றி அதற்குப் பிறகு கேளுங்கள். உங்கள் மகளுக்குப் படிப்பு கசக்கவில்லை, அந்த வகுப்பறைதான் கசந்துபோயிருக்கிறது. வேறு வகுப்பறை கிடைத்தால் அதை ஒருமுறை முயன்று பார்க்காமல் கதவைச் சாத்துவது சரியில்லை. 31 வருடம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், பள்ளி மாறிய மூன்றாம் மாதத்தில் முகம் தெளிந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாற்றம் கிடைக்க நாளாகும். அதுவரை வீட்டில் படிப்பு நடக்க வேண்டும். மாற்றமே சரிவராமல், அலுவலகமும் வழிவிட்டால், இதே படிப்பைத் தொடர்ந்து பள்ளி வழியாக இல்லாமல் தனியார் தேர்வராக, படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் அரசாங்கத் தேர்வை எழுதலாம். எப்படிப் போனாலும் கீழே சொல்வது வீணாகாது.

பள்ளிப் பதிவிலிருந்து இப்போது பெயரை எடுக்காதீர்கள். அவளிடம் பள்ளியில் கொடுத்த டெலிமா கணக்கு இருக்கும். கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய இணையக் கற்றல் தளம் அது. பாடநூல்களின் மின்வடிவம் அதில் இருக்கிறது. கணக்கு கையில் இருக்கும்போதே படிவம் 4, 5 பாடநூல்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன படிவம் 1, 2, 3 கணிதப் புத்தகங்களையும் சேர்த்து எடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. 23-இல் எது நல்லது?

பெரும்பாலும் எல்லாமே நல்லவைதான். அதுதான் தொல்லை. உலகத்திலேயே சிறந்த ஆசிரியர்கள் இலவசமாகப் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட உங்கள் மகள் எழுதப்போகும் தேர்வுக்குப் பாடம் நடத்தவில்லை. ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும் படிவம் 3-இன் பிடி3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்ட பிறகு, நம் பிள்ளை சந்திக்கும் முதல் பெரிய அரசாங்கத் தேர்வே எஸ்பிஎம்தான். அந்தச் சான்றிதழ் வேண்டுமென்றால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். கணிதத்தில் ஏ பிளஸ் வாங்கி, அறிவியலில் ஏ வாங்கி, செஜாராவில் கோட்டைவிட்டால் சான்றிதழ் இல்லை. வீட்டில் படித்த ஒரு பையன் என்னிடம் வந்தான். வெளிநாட்டுத் தளங்களில் கணிதத்தைக் கரைத்துக் குடித்தவன், பேச ஆரம்பித்தால் எனக்கே புதுசாக ஏதாவது சொல்லுவான். மலாய்க் கட்டுரை ஒன்று எழுதச் சொன்னேன். அரைப் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டான். இரண்டு வருடம் ஆயிற்று அதைச் சரிசெய்ய.

ஆகவே பட்டியலைத் தலைகீழாகத் திருப்புங்கள். நாளின் நல்ல நேரம், காலையில் மூளை தெளிவாக இருக்கும் இரண்டு மணி நேரம், மலாய்க்கும் செஜாராவுக்கும். இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும் கணிதமும் அறிவியலும் அதற்குப் பிறகு.

மலாய்க்குக் காசு கேட்காத ஒரு நல்ல துணை இருக்கிறது. மலாய்மொழி வளர்ச்சிக்கான அரசாங்க நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா நடத்தும் பிஆர்பிஎம் என்னும் இணைய அகராதி. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் காமுஸ் டேவான் அகராதிப் பொருளைக் காட்டும், பழமொழிகளும் தேடலாம். தினம் ஒரு மலாய் நாளிதழ்ச் செய்தியை எடுத்து, தெரியாத சொற்களை அதில் பார்த்து எழுதட்டும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். பிறகு அதே செய்தியைச் சத்தம் போட்டு வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அவளே கேட்டு, அவளே அழித்துவிடட்டும். யாரோ ஒருவர் அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்ததால் வந்த காயம் இது. இப்போது பதிவு செய்வதும் அழிப்பதும் அவள் கையில். முதல் வாரம் யாரும் கேட்க வேண்டாம், நீங்களும் கேட்காதீர்கள். அவளாக 'அம்மா, இதைக் கேளுங்கள்' என்று நீட்டும் நாள் வரும். எஸ்பிஎம் மலாயில் பேச்சுத் தேர்வு தனியாக உண்டு. அதற்கான பயிற்சியும் இதிலேயே நடந்துவிடுகிறது.

ஆனால் கட்டுரை திருத்த மனிதர் வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தோட்டத்துச் சம்பளத்தில் எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். கையில் இருக்கிற காசு ஒரே ஒரு டியூஷனுக்குத்தான் வருமென்றால் அது மலாய்க் கட்டுரைக்கே போகட்டும். சுங்கை சிப்புட் டவுனில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர்கள் இருப்பார்கள். வாரம் ஒரு கட்டுரை எழுதி, திருத்தி வாங்கி, அதையே மறுபடி எழுதுவது. வகுப்பில் உட்கார அவள் பயந்தால் நோட்டை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வாருங்கள்.

செஜாராவுக்கு வருகிறேன். வெளிநாட்டு இலவசத் தளம் எதுவும் இதற்கு உதவாது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அழகழகான வீடியோக்கள் இருக்கின்றன, எஸ்பிஎம் கேட்பது அதை இல்லை. பாடநூல்தான் கதி. ஆனால் உங்கள் மகளுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, அவள் ஊரே பாடத்தில் இருக்கிறது. படிவம் 4 வரலாற்றில் அவசரகாலப் பாடத்தைத் திறந்து பாருங்கள். 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டது எங்கே? சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும். இரண்டு நாளில் மலாயா முழுவதும் டாருராட், அதாவது அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. சுதந்திரப் பேச்சுவார்த்தைக் காலத்தில் மஇகா கட்சிக்குத் தலைமை தாங்கிய துன் சம்பந்தன் 1919-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களைச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ஜப்பான்காரன் ஆட்சிப் பாடத்தைப் படிக்கும்போது, 1942–43-இல் 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதை நினைவுபடுத்துங்கள். உங்கள் லயத்திலேயே 'எங்க தாத்தா சயாமுக்குப் போனவர், திரும்பலை' என்று சொல்லும் பாட்டி ஒருவர் இருக்கக்கூடும். மகளை ஒரு நோட்டோடு அவரிடம் அனுப்புங்கள். பாட்டி தமிழில் சொல்வதை எழுதிவந்து, அதைப் பாடநூலில் உள்ள மலாய்ப் பத்தியோடு வைத்துப் படிக்கட்டும். அப்படிப் படித்தது மண்டையை விட்டுப் போகாது. ஏழு வாரமாக யார் முகத்தையும் பார்க்காத பிள்ளை ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பேசுவதும் நல்லது.

இனி கணிதம். இங்கே நான் கான் அகாடமி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வேன். சல்மான் கான் என்பவர் தூரத்தில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்கு 2004-இல் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், அது வளர்ந்து 2008-இல் லாப நோக்கமில்லாத அமைப்பாக ஆனது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. வீடியோ பார்ப்பதைவிட அதில் உள்ள பயிற்சிகள்தான் உயிர். தப்புச் செய்தால் படிப்படியாகக் குறிப்புக் கொடுக்கும், சரியாக வரும்வரை வேறு வேறு எண்களைப் போட்டுக் கேட்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் பிள்ளைகள் தவறு செய்கிறார்கள். படிவம் 4 என்பதால் நேரே இருபடிச் சார்புக்குப் போய் மோதிக்கொள்வார்கள். அதற்காகத்தான் கீழ்ப் படிவப் புத்தகங்களையும் எடுத்து வைக்கச் சொன்னேன். கான் அகாடமியில் 'ப்ரீ அல்ஜீப்ரா' என்று ஒரு தொகுதி உண்டு: பின்னம், விகிதம், மிகை எண் குறை எண், எளிய சமன்பாடு. அதன் இறுதிச் சோதனையை முதலிலேயே எழுதட்டும். எந்தக் கேள்வியில் விழுகிறாளோ அங்கிருந்து ஆரம்பம். படிவம் 4-இல் திணறும் பிள்ளைகளை நான் கிண்டிப் பார்த்தபோதெல்லாம் பள்ளம் படிவம் 1-இல், பின்னத்தில்தான் இருந்தது. ஒரு மாதம் பின்னுக்குப் போவதில் வெட்கம் இல்லை.

எஸ்பிஎம் கணிதத்தில் கான் அகாடமி உதவாத பகுதிகளும் உண்டு. படிவம் 4-இல் நிதி நிர்வாகம், படிவம் 5-இல் காப்புறுதியும் வரியும். இவை நம் நாட்டுச் சட்டதிட்டத்தை ஒட்டியவை, பாடநூலில் மட்டும்தான் கிடைக்கும். வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டை எடுத்து வைத்து இபிஎஃப் சேமநிதிக்கும் சொக்சோ சமூகப் பாதுகாப்புக்கும் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அறிவியலுக்கு இரண்டு தளங்கள். ஒன்று ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆய்வுக்கூடம் திரைக்குள் வந்தது போல இருக்கும். பேட்டரி, கம்பி, பல்பு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு மின்சுற்று கட்டலாம். தப்பாகக் கட்டினால் தீப்பற்றுவதுகூடத் தெரியும். தமிழிலும் மலாயிலும் மொழிபெயர்க்கப்பட்டவை உண்டு, ஒருமுறை இறக்கிக்கொண்டால் லைன் தேவையில்லை. இன்னொன்று சிகே-12, 2007-இல் நீரு கோஸ்லாவும் முருகன் பால் என்பவரும் சேர்ந்து தொடங்கியது. பாடநூலில் ஒரு பத்தி புரியவில்லை என்றால் அதே விஷயத்தை வேறு வார்த்தைகளில் படித்துப் பார்க்க நல்லது. பட்டியலில் உள்ள ஓபன்ஸ்டாக்ஸும் எம்ஐடி பாடங்களும் பல்கலைக்கழகத் தரம். இப்போது தொட வேண்டாம், எஸ்பிஎம் முடித்த பிறகு ஆசை தீரப் படிக்கட்டும்.

தனியார் தேர்வராக எழுதுவதாகவே ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் செய்முறைத் தேர்வு உண்டு. ஆய்வுக்கூடம் இல்லாத பிள்ளைக்கு அது பெரும் சுவர். பொது அறிவியல் பாடத்தில் அந்தத் தாள் இல்லை. மருத்துவம், பொறியியல் என்று மகள் இப்போதே மனதில் வைத்திருந்தால் பள்ளி மாற்றத்துக்கு இன்னும் அழுத்திக் கேளுங்கள், காரணத்தையும் அதிகாரியிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, நன்னெறி, தமிழ் என்று ஏழு பாடம். பதிவுக்குக் கெடு உண்டு. அதையும் கல்வி அலுவலகத்திலேயே கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வெளிநாட்டுத் தேர்வான ஐஜிசிஎஸ்இ எழுதலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல தேர்வுதான், ஆனால் ஒரு பாடத்துக்கே பல நூறு ரிங்கிட் கட்டணம், அதை எழுதினாலும் அரசாங்க வேலைக்கு எஸ்பிஎம் மலாய் தனியாகத் தேவைப்படும். உங்கள் வீட்டு நிலைக்கு நான் சொல்லமாட்டேன்.

தமிழை விடாதீர்கள். அவள் தன்னம்பிக்கையோடு நிமிர்ந்து உட்காரும் பாடம் இப்போது அதுதான். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் அப்படியே. சாயங்காலம் களைத்துப்போனபோது படிக்க அவை இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலம் என்ற ஒலித்தொடர் போதும். பேசுவதை எழுத்திலும் தருகிறார்கள், ஒருமுறை கேட்டு, ஒருமுறை பார்த்துப் படித்து, மறுபடி கேட்கலாம்.

ஆக 23 போய் ஆறேழு ஆயிற்று. மற்றதை அழித்துவிடச் சொல்லுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பிள்ளை தளம் தளமாகத் தாவும். நாள் முழுக்கப் படித்த மாதிரி இருக்கும், நோட்டு வெள்ளையாக இருக்கும்.

லைன் பிரச்சினைக்கு வழி இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. கோலிப்ரி என்று ஒரு இலவசச் செயலி. கான் அகாடமி, சிகே-12, ஃபெட் பாடங்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு இண்டர்நெட்டே இல்லாமல் படிக்கலாம். லைன் இல்லாத இடங்களுக்கென்றே செய்யப்பட்டது. கிவிக்ஸ் என்பது அதேபோல விக்கிப்பீடியாவுக்கு, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவையும் இருக்கிற ஒரே கைப்பேசியில் வைத்துப் படிப்பது சிரமம். பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் நல்லது. கணக்குப் போடும் வேலைக்குப் புதுசு வேண்டியதில்லை, ஈப்போ கடைகளில் கைமாறிய கணினிகள் கிடைக்கும். உங்கள் அக்கா மகன் தன் வீட்டு வைஃபையில் இரண்டு மூன்று இரவு போட்டு எல்லாவற்றையும் இறக்கித் தரட்டும். 23 பெயர் அனுப்பியதைவிட இது பெரிய உதவி. அது முடியாவிட்டால் நாடி மையம் எது பக்கத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள். முன்பு பெடி என்று இருந்த அதே அரசாங்க இணைய மையம்தான். டவுன் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றை அவள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பாள். புரியாததை விளக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. மலாய்க் கட்டுரையை எழுதித் தரச் சொல்வது மட்டும் கூடாது. வரலாற்றுத் தேதிகளையும் அதை நம்பிப் படிக்க வேண்டாம், தப்பை உறுதியான குரலில் சொல்லும். 'இலவச ஆன்லைன் டிப்ளோமா' என்று விளம்பரம் காட்டிக் கடைசியில் பணம் கேட்கும் இடங்களையும் ஒதுக்குங்கள். எந்தத் தளத்தின் சான்றிதழும் எஸ்பிஎம்முக்கு ஈடாகாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது எல்லாம் அரைகுறை ஆகிவிடும். உங்கள் மகள் படித்தது தமிழ்ப்பள்ளியில். பாடநூல் மலாயில். கான் அகாடமி ஆங்கிலத்தில். ஒரே விஷயம் மூன்று பெயரில் வந்து நிற்கும்போது பிள்ளை திகைத்து, தனக்குப் படிப்பே வராது என்று முடிவு கட்டிவிடும். வராதது படிப்பு இல்லை, பெயர்தான். அதற்கு ஒரு நோட்டு. பக்கத்தை மூன்று கட்டமாகக் கோடு போட்டு, தமிழ், மலாய், ஆங்கிலம். விசை, டாயா, ஃபோர்ஸ். அழுத்தம், தெகானான், பிரஷர். சரிவு, கெச்செருனான், கிரேடியன்ட். வேகத்துக்கு லாஜு, ஸ்பீட். திசைவேகத்துக்கு ஹலாஜு, வெலாசிட்டி. இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகளின் தாள்களை எத்தனையோ திருத்தியிருக்கிறேன். எஸ்பிஎம் கணித, அறிவியல் கேள்வித்தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகி வருகின்றன. இந்த நோட்டு நிறைந்த பிள்ளைக்கு ஒரு மொழியில் புரியாவிட்டால் மறு மொழியில் கேள்வி புரிந்துவிடும்.

அந்த மூன்று கட்டத்தில் முதல் கட்டம் உங்களுடையது. ஆறாம் ஆண்டோடு நின்றவள் என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பாட்டுக்கு அரிசி வைத்த பிறகு அரை மணி நேரம் மேசையில் எதிரே உட்காருங்கள். கைப்பேசி சாமி மேடையில் இருக்கட்டும். 'இன்றைக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு' என்று கேளுங்கள். தெகானான் என்றால் என்ன என்று சொல்லட்டும். மண் ஈரமாக இருக்கும்போது டிராக்டருக்கு ஏன் அகலமான டயர் வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் அவரும் கேட்கட்டும், அவருக்கு அந்தப் பதில் கையால் தெரியும், அவளுக்குச் சூத்திரத்தால் தெரியும். இருவரும் பேசிக்கொள்வார்கள். புரியாவிட்டால் 'புரியலை, மறுபடி சொல்லு' என்று தயங்காமல் கேளுங்கள். உண்மையில் படித்திருந்தால் அவளால் சொல்ல முடியும். வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுவாள்.

நிற்கும்போது திட்டாதீர்கள். 'இதுகூடத் தெரியலையா' என்ற சொல் வாயில் வரவே கூடாது, அதை அவள் வகுப்பில் நிறையக் கேட்டுவிட்டாள். அவள் நின்ற இடத்தில், நோட்டில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு மூடி வையுங்கள். மறுநாள் காலையில் அவள் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
டீச்சர்